உதகை ஏரிக்காக ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் உதகை நகராட்சியாருக்கும் வணக்கம்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவர் தங்கிய வீடு இன்று நினைவகம். பிறகு தோடர்களிடம் நிலம் வாங்கி உதகையில் கல் வீடு கட்டினார். 1823-25-இல் ஓடைகளை மறித்து, பாசனத்தை எண்ணி ஏரியை அமைத்தார். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள். அதனால் அவரை ‘உதகையைக் கண்டுபிடித்தவர்’ என்பது பொருந்தாது. நகரை அமைத்தவர் என்றாலே போதும்.

அவர் விட்டுச்சென்றவற்றில் பெரியது இந்த ஏரி. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அதன் பழைய பரப்பில்தான் அமைக்கப்பட்டன. மிச்சமிருப்பதையாவது காக்க வேண்டும். அதற்கு வேலையைக் கரையில் தொடங்காமல், ஏரியில் வந்து சேரும் கோடப்பமந்து ஓடையில் தொடங்குங்கள்.

ஏரியில் படரும் ஆகாயத்தாமரையை அள்ளினால் சில வாரங்களில் மீண்டும் படர்கிறது. கழிவுநீரோடு வரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) அதற்கு உரம். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் மழையில் அழுகி, சத்து திரும்ப ஏரிக்கே வடியும்; அன்றன்றே லாரியில் அப்புறப்படுத்த வேண்டும்.

ஆகவே முதலில் ஓடையின் இருபுறமும் வீடு, விடுதிகளின் கழிவுக் குழாய்களைக் கணக்கெடுத்துப் பாதாளச் சாக்கடையில் இணையுங்கள். மழைநீரைச் சாக்கடையில் விடும் இணைப்புகளைத் துண்டியுங்கள். கனமழையில் ஆள்நுழை குழிகள் பொங்கி ஓடைக்குள் வழிவதற்கு அவையே பெருங்காரணம். அடுத்து, ஓடை ஏரியில் சேருமிடத்துக்கு மேலே வண்டல் தேக்கத் தொட்டிகள் வேண்டும். வேகம் குறையும் இடத்தில்தான் மண் படியும். அவற்றை ஜூனுக்கு முன் ஒருமுறையும் அக்டோபருக்கு முன் ஒருமுறையும் காலி செய்யாவிட்டால் கட்டியும் பயனில்லை.

தூர்வாருவது இதற்கெல்லாம் பிறகுதான், ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில். எடுக்கும் சேற்றில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் உள்ளனவா என்று பரிசோதிக்காமல் காய்கறித் தோட்டங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

சல்லிவன் இந்த மலைக்கு உருளைக்கிழங்கையும் கொண்டுவந்தார். அதைச் சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்துப் பயிரிட்டால் முதல் கனமழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே, சமமட்ட வரப்போடு பாத்தி அமைக்கத் தோட்டக்கலைத் துறை மூலம் விவசாயிகளுக்கு இந்தப் பருவத்துக்கு முன்பே உதவுங்கள்.

இப்படிக்கு,
உதகை நீர்நிலைகளில் அக்கறையுள்ளோர்