மருந்தை நிறுத்தலாம் என்று எழுதிய அந்த வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் டாக்டர் மைரன் கோஹனின் எச்.ஐ.வி. ஆய்வைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி: “மருந்து உட்கொண்டவர்களில் 96 சதவீதத்தினர் குணமடைந்தனர், ரத்தத்தில் கிருமி தெரியாத நிலை வந்ததும் மருந்தை நிறுத்திக்கொள்ளலாம்.” இதைப் படித்துவிட்டு மறுநாள் மாத்திரையை எடுக்காமல் விடுபவர் செந்தூலிலும் இருப்பார், பட்டர்வொர்த்திலும் இருப்பார். அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

2011-இல் வெளியான அந்த ஆய்வைத் தாங்கள் அறியாதவர் அல்ல. அந்த ஆண்டின் மிகப் பெரிய அறிவியல் சாதனை என்று ‘சயின்ஸ்’ இதழ் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அப்படியிருக்க, அந்த 96 எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையா? ஆய்வில் இருந்தவர்கள் 1,763 தம்பதியர். ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. கிருமி உள்ளவர்களில் பாதிப் பேருக்கு, நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான சிடி4 அணுக்கள் 350-க்கும் 550-க்கும் இடையில் இருக்கும்போதே மருந்து தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு அது 250-க்கு இறங்கும்வரை, அல்லது நோய் அறிகுறி தெரியும்வரை பொறுத்திருந்தார்கள். துணைவரிடமிருந்தே தொற்றியது என்று மரபணு ஒப்பீட்டில் உறுதியான தொற்றுகள் 28. அவற்றில் 27 பொறுத்திருந்த பிரிவில் நடந்தவை. உடனே மருந்து தொடங்கிய பிரிவில் ஒன்றே ஒன்று. துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 சதவீதம் குறைந்தது என்பது இந்தக் கணக்கு. யாரும் குணமாகவில்லை. மருந்தை விடாமல் சாப்பிட்டதால் துணை தப்பினார். அந்த எண்ணையே மருந்தை நிறுத்துவதற்குச் சான்றாக அச்சிட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது “அமெரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வு” என்றும் கட்டுரை சொல்கிறது. ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு அது. சென்னைத் தம்பதியரும் அதில் இருந்தார்கள். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஊர் அது. சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம் இந்த ஆய்வின் மையங்களில் ஒன்று. தமிழ் நாளிதழ் ஒன்று இதையும் விட்டுவிட்டது என்பது மனத்தை வருத்துகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்? எச்.ஐ.வி. தன் மரபணுவை பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் சிடி4 அணுக்களுக்குள் செருகிவிட்டு உறங்கிக் கிடக்கும். உறங்கும் கிருமியிடம் மருந்து செல்லாது, ரத்தத்தில் கிருமியை எண்ணும் சோதனையும் அதைக் காட்டாது. அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சிலிசியானோவின் குழு 2003-இல் கணக்கிட்டது. முழுவதும் கரைய 70 ஆண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே மருந்தை விட்டால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிருமி ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. நிறுத்தி நிறுத்தி எடுத்தால் என்ன என்று ‘ஸ்மார்ட்’ ஆய்வு 5,472 பேரிடம் சோதித்தது. சிடி4 350-க்கு மேல் இருந்தால் நிறுத்தினார்கள், 250-க்குக் கீழே வந்தால் மீண்டும் தொடங்கினார்கள். அந்தப் பிரிவில், எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் பற்றிக்கொள்ளும் சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ ஏற்படும் ஆபத்து 2.6 மடங்கு ஆனது. 2006 ஜனவரியில் ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். கட்டுரையாளர் இன்று பரிந்துரைப்பது, அன்று ஆபத்து என்று கைவிடப்பட்டதைப் போன்ற முறைதான்.

மருந்துக் கவுண்டரில் வேலை செய்தவர்களுக்கு இன்னும் சில சங்கடங்கள் தெரியும். நம் மலேசியாவில் பல ஆண்டுகளாக முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து உடலை விட்டுப் போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதோடு சேர்த்து எடுக்கும் மற்ற இரண்டு மருந்துகளும் அதற்குமுன் வலுவிழந்துவிடும். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தியவர் உடம்பில் எஃபாவிரென்ஸ் மட்டும் தனியாக நிற்கும்போது, ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் கிருமி அதை வென்றுவிடும். பிறகு அந்த மருந்தும் அதே வகையைச் சேர்ந்த நெவிரபினும் அவருக்குப் பயன்படாது. கல்லீரல் அழற்சி பி-யும் (ஹெபடைடிஸ் பி) சேர்ந்திருப்பவருக்கு வேறு ஆபத்து. எச்.ஐ.வி.க்கு எடுக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் சேர்த்தே அடக்கி வைத்திருப்பவை. திடீரென்று விட்டால் கல்லீரல் வீங்கி, சிலருக்குச் செயலிழந்தே போகும். போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுப்பவர் நிலை இதைவிடச் சிக்கல். எஃபாவிரென்ஸ் மெத்தடோனின் அளவை ரத்தத்தில் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். எஃபாவிரென்ஸ் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு வலி, மூக்கொழுகல், தூக்கமின்மை வரும். எச்.ஐ.வி. மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். மெத்தடோன் அளவைக் கூட்டினால் போதும். அப்படிக் கூட்டிய பிறகு தங்கள் கட்டுரையை நம்பி எஃபாவிரென்ஸை நிறுத்தினால், அதே மெத்தடோன் அளவு மெல்ல மெல்ல மிகையாகி மூச்சையே அடக்கக்கூடும்.

கிருமி தெரியாத நிலை என்பது பெரிய வரம்தான், அதை மறுக்கவில்லை. ரத்தத்தில் உள்ள கிருமியின் எண்ணிக்கை, அதாவது வைரல் லோட், ஒரு மில்லிலிட்டரில் 200-க்குக் கீழே நிலைத்திருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. 2019-இல் வந்த ‘பார்ட்னர் 2’ ஆய்வில் 782 ஆண் இணையரிடையே துணைவரிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. ஆனால் இது மாத்திரை தொடரும்வரைதான். இதைச் சொல்லியிருந்தால், கணவன் மனைவி எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர், அலுமினியமோ மக்னீசியமோ கலந்த கேஸ்திரிக் மருந்தைச் சேர்த்து விழுங்கினால் டொலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது, கேஸ்திரிக் மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ அதை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதுவாவது ஒருவருக்குப் பயன்பட்டிருக்கும்.

இது முதல்முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். காசநோய் தினத்தன்று, காசநோய் மருந்து முழுதாக முடிந்த பிறகே எச்.ஐ.வி. மருந்து தொடங்க வேண்டும் என்று இதே பக்கத்தில் வந்தது. கம்போடியாவில் நடந்த ‘கமேலியா’ ஆய்வு 2011-இல் இதற்கு நேர்மாறாகக் காட்டியது. சிடி4 மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் தொடங்கியபோது இறந்தவர்கள் 18 சதவீதம், எட்டு வாரம் பொறுத்தபோது 27 சதவீதம். மூளை உறையில் காசநோய் இருந்தால்தான் பொறுத்திருக்க வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சேரும்போது டொலுடெக்ராவிரை 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுக்க வேண்டும், ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தும் என்ற மூலிகை விளம்பரத்தை மருத்துவப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே போட்டீர்கள். 2018-இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த முதல் நாடாக மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் மலேசியாவை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தபோது, தங்கள் நாளிதழில் நான் தேடிய இடத்திலெல்லாம் அந்தச் செய்தி இல்லை. 2017-இல் கல்லீரல் அழற்சி சி-க்கான மருந்தாகிய சோஃபோஸ்புவிரை மலிவாகக் கிடைக்கச் செய்ய அரசு எடுத்த உரிமத்தைப் பற்றியும் இல்லை. நல்ல செய்திக்கு இடமில்லை, தவறான வரிக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைக்கிறது.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் திருத்தம் வெளியிடுங்கள். 96 என்பது துணைக்குத் தொற்றும் வாய்ப்பு குறைந்த கணக்கு என்று எழுதுங்கள். மருந்தை நிறுத்தியவர்கள் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே தங்கள் கிளினிக்கை அழைக்க வேண்டும் என்றும், கல்லீரல் அழற்சி பி இருப்பவரும் மெத்தடோன் எடுப்பவரும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். இனிமேல் மருத்துவப் பக்கம் அச்சுக்குப் போகுமுன் ஒரு டாக்டரோ மருந்தாளரோ ஒருமுறை படிக்கட்டும். யாரும் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற மருந்தாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.