தம்பிக்கு, நாலு மணி நேர தூரந்தான்

தம்பி, நல்லாருக்கியா. போன் பண்றப்பல்லாம் "ரொம்ப தூரம்ப்பா, வர போகவே லீவு போயிரும்"னு சொல்றல்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன், போன்ல சொன்னா பாதியிலேயே மீட்டிங்னு வச்சிருவ.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டுல ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். பிளேன் மேல போயி சீரா ஓட ஆரம்பிச்சா மணிக்கு 850 கிட்ட போகுது, ஏறுறது எறங்குறது ரன்வேயில உருண்டு போறதுன்னு எல்லாம் சேத்தாலும் நாலு, நாலேகால் மணி நேரம், அவ்வளவுதான். டிக்கெட்ட பாத்து கணக்கு போடாத, அதுல அந்தந்த ஊரு நேரத்ததான் போடுவாங்க, உங்க ஊரு நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. இங்க ராத்திரி 11க்கு கெளம்புனா அங்க விடியக்காலம் 5:30, பாத்தா ஆறரை மணி நேரம் மாதிரி இருக்கும். அதே அங்க ராத்திரி 8க்கு ஏறுனா இங்க 9:30க்கு எறங்கிருவ. ஏர்போர்ட்லேருந்து நம்ம பட்டுக்கோட்டைக்கு கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். மெட்ராஸ்லேருந்து உங்க சித்தப்பா மகன் ஆம்னி பஸ்ல ராத்திரி பூரா உக்காந்து வர்றான், அவனுக்கும் உனக்கும் பெரிய வித்தியாசம் இல்லப்பா.

ஒன்னு மட்டும், கொழும்பு வழியா கோலாலம்பூர் வழியான்னு கொறஞ்ச வெலைக்கு காட்டும், அத போடாத. நடுவுல இன்னொரு பிளேனுக்கு காத்து கெடக்குற நேரம் ஒரு பொழுத தின்னுரும், நீ தூரம்னு நெனைக்கிறது பாதி அதுதான். திருச்சிக்கு நேரா வர்றதா பாரு, ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் அப்பா தர்றேன்.

போன தடவ நீ கெளம்புனப்ப அம்மாவும் நானும் செல்போன்ல அந்த பிளேன் காட்டுற ஆப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், மஞ்சள் கலர்ல சின்ன பிளேன், யாழ்ப்பாணம் பக்கமா போயி கடலுக்கு மேல போச்சு, சுமத்ரா வடக்கு முனை வரைக்கும் சுத்தி தண்ணிதான், அம்மா அது வரைக்கும் பேசவே இல்ல, மலாக்கா ஜலசந்திக்குள்ள போனதும்தான் எந்திரிச்சு அடுப்ப பத்த வச்சா.

அப்பாயிக்கு சிங்கப்பூர்னா இன்னும் கப்பல்தான். அப்பாயியோட அப்பா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு போயி சிங்கப்பூர் போனவரு, போய் சேரவே ஒரு வாரம் கிட்ட ஆகும், போனா வருசக்கணக்குல வரமாட்டாங்க. அந்த ஞாபகத்துல உன்னையும் "எப்ப கரை எறங்குவான்"னு கேக்குது. நாலு மணி நேரம்னு நான் சொன்னா நம்பல. கண்ணும் சரியா தெரியல இப்ப, கொரல வச்சுத்தான் ஆள கண்டுபிடிக்குது.

அதனால தீபாவளி வரைக்கும் தள்ளிப் போடாத தம்பி, அங்கயும் அன்னிக்கி லீவு, எல்லாரும் கெளம்புவாங்க, டிக்கெட் வெல ஏறிரும். சாதாரண சனி ஞாயிறு போதும். வெள்ளிக்கிழம வேலைய முடிச்சுட்டு ஏறு, சனிக்கிழம பூரா அப்பாயி கூட இரு, ஞாயித்துக்கிழம ராத்திரி திரும்பிரலாம், திங்கக்கிழம காலைல ஆபீசுக்கு தூக்கமா இருக்கும், பரவால்ல. சாமான் எதுவும் வாங்க வேணாம், அப்பாயிக்கு முட்டிக்கு தேய்க்க கோடாலி தைலம் மட்டும் ரெண்டு பாட்டில்.

டிக்கெட் போட்டதும் சொல்லு, கார் சொல்லி வைக்கணும்.

அப்பா