கட்டிக்கு உத்தரவு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் 'வளர்ச்சிப் புரதம் உள்ள உணவை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சுருங்கும்' என்ற வரியைத் திருத்தியே ஆக வேண்டும். கீமோவால் ஏற்கெனவே இளைத்துப்போன நோயாளிக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடும் வீடுகள் இருக்கின்றன.

உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். 1974இல் ரசல் ராஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைத் தெளிவாகக் காட்டினர். உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவமான சீரத்தை ஊற்றினால் ஆய்வகத்தில் வளர்த்த ரத்தக்குழாய்த் தசைச் செல்கள் பெருகின. தட்டணுக்களை முன்பே நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் பெருகவில்லை. உறையும்போது தட்டணுக்கள் வெளிவிடும் 'வளர்ச்சிக் காரணி' என்ற புரதம்தான் வித்தியாசம். காயம் பட்ட இடத்தில் மட்டும் சதை வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

புற்றுச் செல் பல சமயம் அந்த உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. காரணியைத் தானே சுரக்கிறது, தன் மேலுறையில் உள்ள ஏற்பியில் தானே வாங்கிக்கொள்கிறது. 1980இல் ஸ்போர்ன், டொடாரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு ஆட்டோகிரைன் சுரப்பு என்று பெயரிட்டார்கள்; 'தன்தூண்டல்' என்று சொல்லலாம். 1983இல் வலுவான சான்று கிடைத்தது: குரங்குச் சார்க்கோமா வைரஸின் புற்று மரபணுவான சிஸ், மேலே சொன்ன தட்டணுக் காரணியின் ஒரு சங்கிலியைத் தயாரிக்கும் மரபணுவேதான்.

தன்தூண்டலே நோய் என்று எண்ணிவிடக் கூடாது. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல், கிருமியைக் கண்டதும் இன்டர்லூக்கின்-2 என்ற காரணியைச் சுரந்து, அதற்கான ஏற்பியையும் கூட்டிக்கொண்டுதான் பெருகுகிறது. டி செல் சில நாளில் அடங்கிவிடும், கட்டி அடங்காது.

புற்றுச் செல் தானே சுரந்து தானே வாங்கும் இந்தச் சுற்று எவ்வளவு சிறியது என்பதை ஆய்வகத்தில் பார்க்கலாம். வளர்ப்புத் திரவத்தில் வழக்கமாகச் சேர்க்கும் 10 சதவீதச் சீரத்தை முதலில் கழுவி நீக்க வேண்டும். அதிலேயே காரணிகள் இருப்பதால், விட்டுவைத்தால் எதுவும் புலப்படாது. பிறகு திரவத்தில் டிஜிஎஃப்-ஆல்ஃபா என்ற வளர்ச்சிக் காரணியை அளந்தால் கொஞ்சம்தான் தெரியும். செல் சுரக்கவே இல்லை என்று முடிவுகட்டுவது இங்கே நடக்கும் தவறு. ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்துவிட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். இந்தப் புரதம் முதலில் செல்லின் மேலுறையிலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு நொதி அதைக் கத்தரித்து விடுகிறது. அது தள்ளிப் போவதற்குள் பக்கத்து ஏற்பி பிடித்துக்கொள்கிறது. வெளியே வராத சரக்கைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எப்படி நிறுத்துவது?

ஏற்பியை அடைப்பதுதான் வழி. செட்டுக்சிமாப் மருந்து அதைத்தான் செய்கிறது: முதல் வாரம் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம், அடுத்து வாரந்தோறும் 250. ஆனால் ஏற்பிக்குக் கீழே செல்லுக்குள் சுவிட்ச் போல இருக்கும் ராஸ் (RAS) என்ற புரதம் பழுதாகி 'ஆன்' நிலையிலேயே சிக்கியிருந்தால், மேலே அடைத்துப் பயனில்லை. பெருங்குடல் புற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குக் அதன் ஒரு வகையான கே-ராஸில் பழுது இருக்கிறது, சிலருக்கு இன்னொரு வகையான என்-ராஸில். ஆகவே மருந்து தொடங்கும் முன் பயாப்சித் துண்டில் இரண்டையும் பார்த்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். இதை வலியுறுத்திக் கேட்கக் குடும்பத்தார் தயங்க வேண்டாம்.

பக்க விளைவுகளும் இதே சுற்றிலிருந்துதான் வருகின்றன. தோல் செல்லும் இதே ஏற்பியை நம்பியிருப்பதால் முகத்திலும் மார்பிலும் பரு போலக் கிளம்பும். சிறுநீரகத்தில் ஒரு நுண்குழலின் செல்கள் ஈஜிஎஃப் என்ற காரணியைத் தாமே சுரந்து, இதே ஏற்பி வழியாக வரும் அதன் தூண்டலால் மெக்னீசியத்தை மீட்டெடுக்கின்றன. ஏற்பி அடைபட்டால் மெக்னீசியம் சிறுநீரில் போய்விடும்: தசைப் பிடிப்பு, அசதி, இதயத் துடிப்பில் கோளாறு. மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்து இறங்கும். அதை ஈடுகட்டாமல் மற்ற இரண்டை மட்டும் ஏற்றினால் அளவு நிற்காது. கடைசி டோஸுக்குப் பிறகும் குறைந்தது 8 வாரம் ரத்தத்தில் இவற்றின் அளவைப் பார்த்துவர வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டால் இந்த நோயாளிக்கு எடையும் போகும், மெக்னீசியம் வரும் வழியும் சுருங்கும். அந்த வரிக்குத் தங்கள் மருத்துவப் பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல் உயிரியல் ஆசிரியர்,
திருச்சி