ஒரே ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், எம்.பி.க்களே

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் சேலத்திலிருந்து வணக்கம்.

பதிவுக்காகக் கட்சிகளிடம் சட்டம் வாங்குகிற சத்தியத்திலிருந்து சோசலிசம் என்ற ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்லி, கட்சி பார்க்காமல்தான் எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் எல்லாரும் ஒரே கட்சி. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் கட்சியின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் மீதும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகள் மீதும் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்போம் என்று ஒரு வரி அதில் இருக்கும். முதலீட்டாளர் மாநாடு நடத்துகிற கட்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறது, எதிர்வரிசையில் உட்கார்ந்து அந்த மாநாட்டைத் திட்டுகிற கட்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறது. வலதுசாரி என்று பெயர் வாங்கிய பாஜகவின் விதிகளிலும் அதே வரி உண்டு.

போன வருஷம் நாங்கள் நாலைந்து பேர் கட்சி ஆரம்பிக்கலாம் என்று கிளம்பினோம். சிரிக்காதீர்கள். ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வரி குறைய வேண்டும், அரசாங்கம் வியாபாரம் செய்யக் கூடாது, சொத்து வைத்திருப்பவனைத் திருடனைப் போலப் பார்க்கக் கூடாது, ஊர்க் காரியத்தை ஊர்க்காரன் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் கொள்கை அவ்வளவுதான். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 100 உறுப்பினர்கள் வேண்டும் என்றார்கள், சேர்த்தோம். 10,000 ரூபாய் கட்டணம், அதையும் ஒதுக்கி வைத்தோம். விதிமுறைகளை எழுதி வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், மனுஷன் நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டாவது பக்கத்தின் ஓரத்தில் மேலே சொன்ன அந்த வரியை எழுதினார்.

“சார், நாங்க கட்சி ஆரம்பிக்கிறதே இதுக்கு எதிராத்தானே?”

“இந்த வரி இல்லாம தாள் அங்க நிக்காதுங்க. எல்லாரும் எழுதித்தான் கொடுக்கிறாங்க. யார் படிக்கிறா? போட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க.”

கொலுசுப் பட்டறைக்காரர் சரி என்றுதான் சொன்னார். ஆசிரியர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கட்சியின் முதல் தாளிலேயே பொய் எழுதுவதா என்றார். அன்றைக்கு எழுந்து வந்தவர்கள்தான்.

வக்கீல் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ என்ற பிரிவை 1988ல் சேர்த்து 1989ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கட்சியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் அந்த வரி விதிமுறையில் இருந்தே ஆக வேண்டும். அரசியலமைப்பின் முகப்புரையில் சோசலிசம் என்ற சொல் நுழைந்தது அதற்கும் முன்னால், 1976ல், நெருக்கடி நிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த சமயத்தில். முதலில் இயற்றியபோது அது இல்லை. மறந்துபோய் விட்டதும் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா என்ற உறுப்பினர் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் எழுந்து மறுத்தார். சமுதாயம் எந்தப் பொருளாதார முறையில் நடக்க வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும், அரசியலமைப்பில் எழுதிக் கட்டிப்போட்டால் ஜனநாயகமே போய்விடும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடாத கட்சி உங்களில் ஒன்றுகூட இல்லை. இதையும் கொஞ்சம் படிக்கலாம்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. எழுதிக் கொடுத்த வாக்கை ஒரு கட்சி மீறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பதிவை ரத்து செய்ய அந்தக் காரணத்துக்காகத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொல்லிவிட்டது. சில விலக்குகளை மட்டும் வைத்தது. அதில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாதது: எங்களுக்கு இந்தக் கொள்கைகளில் நம்பிக்கை போய்விட்டது என்று ஒரு கட்சி தானாக ஆணையத்துக்குத் தெரிவித்தாலோ, விதிமுறையிலிருந்து அந்த வரியை எடுத்தாலோ, அப்போது பதிவு போகும். அதாவது பொதுத்துறை நிறுவனங்களை வரிசையாக விற்றுக்கொண்டே சோசலிசத்தின் பேரில் சத்தியம் செய்தபடி இருக்கலாம். மனசாட்சிக்குப் பயந்து உண்மையைச் சொன்னால் வெளியே. 2025 ஆகஸ்டில் ஆணையம் 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து தூக்கியது, ஆறு வருஷமாக ஒரு தேர்தலில்கூட நிற்கவில்லை என்பதற்காக. சோசலிசத்தைக் கைவிட்டாயே என்று யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நஷ்டம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி இன்றைக்கு வந்து கட்சி ஆரம்பிக்க முடியாது. (ராஜாஜி என்றதும் 1953 குலக்கல்வித் திட்டத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது தப்பு, அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.) 1955ல் ஆவடியில், நம் ஆவடியில்தான், காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1959 ஜனவரியில் நாக்பூரில், விவசாயிகள் நிலத்தைச் சேர்த்துப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை என்றார்கள். இதையெல்லாம் எதிர்த்து அதே வருஷம் சென்னையில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்தது. அவருக்கு அப்போது எண்பது வயது. என். ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி தூண். தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேட்கிற பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம் ஒழிய வேண்டும் என்று நட்சத்திரச் சின்னத்தில் நின்றார்கள். 1967ல் மக்களவையில் 44 இடம் பிடித்து எதிர்க்கட்சிகளில் பெரியதாக உட்கார்ந்தார்கள். இங்கே திமுகவோடு கூட்டுச் சேர்ந்து 20 எம்.எல்.ஏ. அண்ணா ஆட்சிக்கு வந்த கதையில் அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

என் தாத்தா அந்த நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட்டவர். கொள்கை படித்துப் போடவில்லை. எதிர்வீட்டுப் பத்தருக்காகப் போட்டார். 1963ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றார்கள். தாலிக்குக்கூட. கல்யாண ஆர்டர் நின்றுபோனது. பத்தர் ஊதுகுழலையும் உலையையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தறி வேலைக்குப் போனார் என்று தாத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அந்தத் தங்கச் சட்டம் முழுசாக ஒழிந்தது 1990ல். பத்தர் அதுவரை இல்லை.

அப்புறம் அந்தக் கட்சி 1971ல் எட்டு இடத்துக்குச் சுருங்கி, 1974ல் வேறொரு கட்சியில் கரைந்தது. மக்கள் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள், அது நியாயம். ஆனால் அதே பெயரில் மறுபடி தொடங்க மகாராஷ்டிரத்தில் சிலர் முயன்றபோது தடுத்து நின்றது இந்த 29ஏ. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சோசலிசம் என்றால் இங்கே மக்கள்நல அரசு என்றுதான் அர்த்தம், தனியார் தொழிலுக்கு அது தடையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். சரி, அப்படியென்றால் மக்கள்நலம் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். ரேஷன் அரிசியை நிறுத்து என்று நான் கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும் கார்டு இருக்கிறது. ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஐம்பது வருஷமாக கோர்ட்டு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால், அந்தச் சொல்லின் பேரில் சத்தியம் வாங்குவது எப்படி? உண்மையான சோசலிஸ்டுகளுக்கும் இதில் அவமானம்தான். கம்யூனிஸ்ட் தோழர்கள் நம்பி எழுதுகிற வரியும், ரியல் எஸ்டேட்காரர் லெட்டர்பேடுக்காக ஆரம்பித்த கட்சியின் வரியும் ஒன்றா?

இன்னொன்று, இந்த விஷயத்தில் என் பக்கம் நிற்கிறவர்களுக்கு. இதுதான் சாக்கு என்று மதச்சார்பின்மையையும் சேர்த்துத் தூக்கச் சொல்லி வருகிறவர்களை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அரசு எல்லாச் சாமிக்கும் பொதுவாக இருப்பது வேறு, வரி எவ்வளவு, எந்தத் தொழில் யார் கையில் என்பது வேறு. முன்னது ஆட்டத்தின் விதி. பின்னது ஆட்டம், அதைத் தேர்தலில் ஆடித்தான் தீர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசிப் பேசியே என் வழக்கைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

முகப்புரையைத் தொடச் சொல்லவில்லை, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அந்தச் சண்டையும் இப்போது வேண்டாம். 29ஏ சாதாரணச் சட்டம். சாதாரணப் பெரும்பான்மை போதும். உட்பிரிவு ஐந்தில் ஒரு சொல். வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் மசோதாவுக்கு நேரம் ஒதுக்குகிறார்களே, பாதி நாற்காலி காலியாக இருக்கும் அந்த நேரத்தில் உங்கள் 57 பேரில் ஒருவர் கொண்டுவரலாம். முழு மசோதாவும் ஒரு பக்கம்தான் வரும். எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் வக்கீலே எழுதித் தருவார், பென்சில் அவர் காதிலேயே இருக்கிறது.