போர்டுகளைக் கலந்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பழைய இரும்புக் கடைகளில் கம்ப்யூட்டர், செல்போன்களுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகள் இன்னமும் ஒரே சாக்கில் எடைக்குப் போகின்றன. கலந்து கட்டினால், சாக்கில் கிடப்பதிலேயே மட்டமான போர்டின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும்.

ரேம் (நினைவகப் பட்டை), பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்), செல்போன் போர்டு, மதர்போர்டு (கம்ப்யூட்டரின் முதன்மை போர்டு), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போர்டு என ஐந்து குவியல் போதும். பிராசஸரில் பழைய செராமிக் (பீங்கான்) வகையைத் தனியே வைக்க வேண்டும். தங்கம் அதில்தான் கூடுதல். எஸ்எம்பிஎஸ்ஸின் பழுப்பு போர்டில் செம்பும் அலுமினியமும்தான் காசு. மதர்போர்டில் ஹீட் சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு), இரும்பு கிளிப், காசு வடிவ பேட்டரி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஐசிகளை (கருப்புச் சிப்புகளை) பிடுங்காதீர்கள், போர்டின் தரம் இறங்கிவிடும். உப்பிய செல்போன் பேட்டரியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தீப்பிடிக்கும். அதை மணல் வாளியில் தனியே வையுங்கள்.

எங்களுக்குப் பெரும் கவலை, ஆசிட் ஊற்றித் தங்கம் பிரிக்கும் வேலைதான். ரேம் விளிம்பில் சீப்புப் பல் போல வரிசையாக மின்னும் தங்கப் பூச்சு, நல்ல தரத்திலேயே முக்கால் மைக்ரான் கனம்தான். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இதற்காக வீட்டுக் கொல்லையில் நைட்ரிக் ஆசிட் ஊற்றுகிறார்கள். போர்டில் ஈயப்பற்று இருந்தால் அதிலுள்ள வெள்ளீயம் வெள்ளைக் கூழாகி வடிதுணியை அடைத்துக்கொள்ளும், தங்கத் துகளும் அந்தக் கூழோடு போய்விடும். ஐசியின் கருப்பு உடலுக்குள் இருக்கும் தங்கக் கம்பியை ஆசிட் தொடுவதே இல்லை. எழும்பும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது இருமல்தான் வரும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிஞ்சும் ஆசிட் சாக்கடையில் ஊற்றப்படுகிறது.

உருக்காலையில் போர்டு முழுவதும் உருகும்போது தங்கமும், பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் செம்போடு சேர்ந்து இறங்கும், பிறகு பிரித்தெடுப்பார்கள். போர்டை முழுதாக விற்பதே லாபம் என்பது அதனால்தான். மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வாங்க வருபவரிடம் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

சிறு கடைக்காரரிடம் ஒரு லோடு சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாமல்தான் ஆசிட்காரரிடம் கொடுக்கிறார். ஓசூர் மாநகராட்சியும் கிருஷ்ணகிரி, தருமபுரி நகர நிர்வாகங்களும் கூரையும் சிமென்ட் தரையும் எடைமேடையும் உள்ள பொதுக் கிடங்கு ஒன்றை ஊருக்கு ஊர் அமைத்து, பதிவு பெற்ற ஆலையை மாதம் ஒருமுறை அங்கே வரவழைக்க வேண்டும்.

– பழைய எலெக்ட்ரானிக் பொருள் பிரிப்போர், ஓசூர்