முடிவெடுத்த பிறகு கேட்பது ஜெபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு பழக்கம் வெகுநாளாக மனதை உறுத்துகிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம், பெண்ணுக்குச் சம்பந்தமும் பேசி முடித்துவிடுகிறோம், அப்புறம் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். போதகர் ஜெபிக்கிறார், எல்லாரும் ஆமென் சொல்கிறோம். இதில் கர்த்தரிடம் நாம் கேட்டது என்ன?

நானும் இப்படிச் செய்தவன்தான். மகனுக்கு வளைகுடாவில் வேலை என்று ஒரு ஏஜென்ட் வந்தார். பாஸ்போர்ட் சீக்கிரம் கிடைத்தது, நகையை அடகு வைத்ததும் கேட்ட பணம் சரியாக அமைந்தது, சபையில் அந்த மாதத்துக்கென்று கொடுத்த வாக்குத்தத்த வசனம்கூட எங்களுக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. கர்த்தர் வாசலைத் திறந்துவிட்டார் என்று சபையில் சாட்சியே சொன்னேன். ஆனால் "அனுப்பட்டுமா ஆண்டவரே" என்று ஒரு நாளும் முழங்காலில் நின்று கேட்கவில்லை. மனைவிக்கு மனசு ஒப்பவில்லை, சொன்னாள். அவிசுவாசம் என்று அவள் வாயை அடைத்தேன். விசா போலி. நகை மூழ்கிப்போனது.

அதற்குப் பிறகுதான் வேதத்தில் அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் கப்பல் நிற்கிறது, பயணம் போனால் சேதம் வரும் என்கிறார் அதில் கைதியாகப் போகிற அப்போஸ்தலன் பவுல். காவலுக்கு வந்த ரோமப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல்காரனையும் நம்புகிறான். தென்றல் மெதுவாக அடித்ததும் நினைத்தது கைகூடியது என்று கிளம்புகிறார்கள், கொஞ்ச நேரத்திலேயே யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதுகிறது. 276 பேரும் பிழைத்தார்கள், கப்பல் உடைந்துபோனது. காசிமேட்டில் பிறந்த எனக்கு அந்தத் தென்றல்தான் உறைத்தது. என் அப்பா விடியுமுன் கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்ப்பார். சில நாள் மற்றவர்கள் எல்லாம் கிளம்பினாலும் வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்வார்.

தாவீது ராஜாவும் அப்படித்தான். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தரை ஒருமுறை கர்த்தரிடம் கேட்டுப்போய் ஜெயித்தவர், அதே எதிரி அதே இடத்துக்கு மறுபடி வந்தபோதும் கேட்டார். இந்தமுறை பதில் வேறு: நேரே போகாதே, பின்னாலே சுற்றிப்போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் நடக்கிற சத்தம் கேட்கும்வரை பொறு.

கர்த்தருடைய குரல் காதில் கேட்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்குக் கேட்டதில்லை. வேதத்துக்கு விரோதமானதை அவர் சொல்லமாட்டார், அது முதல் சோதனை. அப்புறம் நம்மை மறுத்துப் பேசுகிற ஒரு ஆளிடம் அவசியம் யோசனை கேட்க வேண்டும், அவசரம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். (பிள்ளைக்கு ஜன்னி வந்தால் காத்திருக்கக் கூடாது, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வழியில் ஜெபிக்கலாம்.)

போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு, டிரம்ஸ், அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. வேதம் வாசித்ததும் மைக்கை அணைத்துவிட்டு ஐந்தே நிமிடம் சபையைச் சும்மா உட்காரவிடுங்கள்.

இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாளாக இரவில் மூவரும் உட்காருகிறோம். இந்தமுறை மனைவிதான் முதலில் பேசுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, வடசென்னை