மேற்குப் பக்கம் 20 பேர்ச்

அன்புள்ள மகளுக்கு,

வந்து சேர்ந்து மூன்று கிழமையாகிறது. முருங்கையில் ஒரு கொப்பு முறிந்து கிடந்தது, மற்றபடி வீடு சரி. ரொறன்ரோவில் உங்களுக்கு என்னதான் பிடித்தது என்று போனில் கேட்டாய். அன்றைக்கு லைன் விட்டுவிட்டுக் கேட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹை பார்க். செரிப்பூவுக்காக இல்லை. தோக்கியோ மக்கள் 1959இல் கொடுத்த மரங்களில் தொடங்கியது என்றாய், அழகுதான். ஆனால் பூவைவிடச் சனம் கூட. அம்மா அந்த நெரிசலில் செருப்பைத் தொலைக்கப் பார்த்தா. எனக்குப் பிடித்தது மேட்டில் இருக்கிற அந்தப் பழைய வீடு, கோல்போர்ன் லொட்ஜ். 1837இல் கட்டிய ஜோன் ஹோவர்ட் அந்த நகரத்தின் நில அளவையாளர். காடு கரம்பையெல்லாம் சங்கிலி இழுத்துத் திரிந்த எனக்கு இது போதாதா?

மனுசன் 1873இல் தன்னுடைய 165 ஏக்கரைப் பூங்காவுக்கென்று நகரசபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 120 ஏக்கர் உடனே. வீட்டைச் சுற்றிய 45 ஏக்கர் தன் காலத்துக்குப் பிறகு. காணி உறுதி எழுதுகிற நம் ஊர் நொத்தாரிசு, சாகும்வரை அனுபவிக்கிற உரிமையைச் ‘சீவிய உருத்து’ என்று எழுதுவாரே, கிட்டத்தட்ட அதேதான். சும்மாவும் கொடுக்கவில்லை, வருசம் 1200 டொலர் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கெட்டிக்காரன். ஊருக்கு வெளியே இவ்வளவு தூரம் யார் போவது என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்களாம். இப்போது சப்வேயால் ஏறி வந்தால் பார்க் முன்னால் நிற்கிறது. பிறகு பக்கத்துக் காணிகளும் சேர்ந்து 400 ஏக்கர் அளவுக்கு வந்துவிட்டது. மக்கள் காசில்லாமல் அனுபவிக்கவேண்டும், குடிவகை கூடாது என்று அவர் போட்ட நிபந்தனைதான் எனக்குப் பெரிது. உயிரியல் பூங்காவுக்குக்கூட ரிக்கெட் கேட்கவில்லையே! சின்னவன் லாமாவுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றான்.

வேலிக்குள் மானைப் பார்த்துவிட்டு, “தாத்தா, உங்கட ஊர் மான் றோட்டில நடக்கும்தானே?” என்றான். நடக்கும். போன வெள்ளி திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு உள்ளே ஒரு புள்ளிமான் பிளாஸ்டிக் சொப்பின் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தேன். பாதிதான் எச்சிலோடு கையில் வந்தது, மீதியை விழுங்கிவிட்டது. இதைச் சின்னவனுக்குச் சொல்லாதே.

சரி, உப்புவெளிக் காணி. விற்றுவிடுங்கள் என்றாய். நொத்தாரிசிடம் நான் இன்னும் போகவில்லை. முழுதும் கொடுக்க நான் ஹோவர்ட் இல்லை, உன் தம்பிக்கும் பங்கிருக்கிறது. ஆனால் மேற்குப் பக்கம், வேம்பும் கிணறும் நிற்கிற 20 பேர்ச்சை, அரைக்கால் ஏக்கரை, பிரித்து, பெடியள் விளையாட என்று காணி உறுதியிலேயே எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். இப்போதும் அவங்கள் அங்கேதான் மட்டை அடிக்கிறாங்கள். வாங்குகிறவன் முதல் வேலையாக மதில்தான் கட்டுவான். தம்பியோடும் பேசிவிட்டு இருவரும் சொல்லுங்கள்.

நேற்று நாடா பிடித்து அளந்தேன். மற்ற நுனியை அம்மா பிடித்தா, வெயிலுக்கு ஏசிக்கொண்டு. கிழக்கு எல்லைக் கல்லை யாரோ ஓரடி உள்ளே தள்ளி நட்டிருக்கிறார்கள். அதை வேறு பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா